இடப்பக்கம் ஒரு திரை

ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்வார்கள். கீபோர்டில் டீயை ஊற்றிவிட்டு "தானாவே நின்னுபோச்சு" என்பார்கள். கீழே போட்டு உடைத்துவிட்டு "வாங்கறப்பவே அப்டித்தான் இருந்துச்சு" என்பார்கள். அதனால் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டிலிருந்து மேனேஜர் பாஸ்கர் போன் செய்து, எடைமேடை அறையில் மவுஸ் தானாக நகர்வதாகச் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"மவுசு தானா நவுராது சார். யாராச்சும் நவுத்தினாத்தான் நவுரும்" என்றேன்.

"அதையேதான் நானும் சொல்றேன் லுப்னா மேடம். வந்து பாத்துட்டு அப்படியே எழுதிக் குடுத்துடுங்க."

வாயைத் திறந்ததே தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, வரிசை கட்டி நின்ற ட்ரெய்லர்களின் இடுக்கில் நுழைந்து போனேன். யார்டு வாசலில் முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை கறுத்துவிட்டது. மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று அடித்த நாள்.

பாஸ்கர் என்னை நேராகத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அங்கே ஒரு சாவு நடந்திருந்தது. ஜெயவேல் என்று ஒரு பையன், முப்பது வயது, எடைமேடை அறையில் குமாஸ்தா. கண்டெய்னரின் சீல் நம்பரைப் பார்க்க வெளியே வந்து ட்ரெய்லருக்குப் பின்னால் போயிருக்கிறான். அவன் அங்கே நிற்பது தெரியாமல் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார். எடைமேடையில் டிரைவருக்கு எதிரே சிவப்பு எழுத்து ஓடும் போர்டு ஒன்று உண்டு. உள்ளே உட்கார்ந்திருக்கும் கார்குழலி அடிக்கிற வார்த்தை அதில் வரும்: முன்னால போ, பின்னால வா, நில்லு. டிரைவர் அதைப் பார்த்துத்தான் வண்டியை நகர்த்துவார்.

"டிரைவர் சொல்றான், கடசி வரைக்கும் போர்டுல 'பின்னால வா'தான் இருந்துச்சாம். இந்தம்மா சொல்லுது, நில்லுன்னு அடிச்சேன், போர்டு மாறலன்னு. மவுசும் கீபோர்டும் நல்லாத்தான் கீதுன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா, வெள்ளிக்கிழம விசாரணைல வெச்சு முடிச்சுடுவேன்."

"நல்லா இல்லன்னா?"

"நல்லா இல்லாம எப்படி மேடம்? நீங்கதானே சொன்னீங்க தானா நவுராதுன்னு."

என் வாயே எனக்கு எதிரி. அவர் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார். கார்குழலியின் முதுகு தெரிந்தது. கை தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சரியாக 2:41:20க்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினாள். நிலைப்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி கூட எடுத்து வைக்கவில்லை. வெளியே ஒரு காலி ட்ரெய்லர் வாசலை உரசுகிற மாதிரி கடந்துபோனது. அதன் நிழல் அவள்மேல் விழுந்து விலகியது. அப்புறமும் அவள் அங்கேயே நின்றாள்.

"பாத்தீங்களா? ஒரு ஆளு சாவறான், வெளிய கூட வரல" என்றார் பாஸ்கர்.

எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எடைமேடை அறை சின்னது. ஒரு பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் மேடை. கார்குழலிக்கு நாற்பது தாண்டியிருக்கும். வியாசர்பாடி. பதினாறு வருடமாக அதே நாற்காலி. அவளுக்கு முன்னால் எடைக் கம்ப்யூட்டர், வலப்பக்கம் கேட் பாஸ் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மவுஸ், ஒரே கீபோர்டு. மவுஸை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் அம்புக்குறி இந்தத் திரையைத் தாண்டி அந்தத் திரையில் வந்து குதிக்கும். அம்புக்குறி எந்தத் திரையில் நிற்கிறதோ, கீபோர்டில் அடிப்பதும் அதற்குத்தான் போகும். நெட்வொர்க்கில் இதைச் செய்கிற மென்பொருள் உண்டு. இடம் குறைவான ஆபீசுகளில் நானே நிறைய போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நான் பையை வைத்ததும் அவள் எழுந்து நின்றாள். வேலை போய்விடுமே என்று அழுவாள் என எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை.

"லெட்டர் நீ என்னா வேணா எழுதிக்கம்மா. வேல போனா போவுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் அடிச்சனா, இல்லியா?"

"உனக்கே தெரியாதா அக்கா?"

"கை அடிச்ச மாரி ஞாபகம் கீது. தூங்கச் சொல்ல கூட வெரலு அடிச்சுகினே கீது. ஆனா போர்டு மாறலியே. கண்ணால பாத்தேன், மாறல. பயத்துல கை வெறச்சுப் போய், அடிக்காமயே அடிச்சன்னு நெனச்சுகினனோ? அவன் பொண்டாட்டி மூஞ்ச பாக்கறப்ப இன்னான்னு நெனச்சுகினு பாக்கறது?"

வேலையைப் பார்த்தேன். புது மவுஸ் மாட்டினேன். சொருகும் இடத்தை மாற்றினேன். பளபள மேசையைத் துடைத்து, மவுஸுக்கு அடியில் செய்தித்தாள் மடித்து வைத்தேன். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. அதற்குள் ஒரு ட்ரெய்லர் மேடையில் ஏறியது. தரை அதிர்ந்தது, டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. என் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

அம்புக்குறி இடப்பக்கமாக நகர ஆரம்பித்தது.

வழி தெரிந்தவர் போகிற மாதிரி மெதுவாக, நேராகப் போனது. அதிர்ச்சியில் மவுஸ் இப்படி இழுபடுவது எனக்குப் புதிதல்ல. அதனால் நான் பயப்படவில்லை. ஆனால் திரையின் ஓரம் வந்ததும் அது நின்றிருக்க வேண்டும். இடப்பக்கம் வேறு கம்ப்யூட்டர் இல்லை. வெறும் மேசை, அதன்மேல் தூசியில் ஒரு சதுரத் தடம் மட்டும். அம்புக்குறி நிற்கவில்லை. ஓரத்தைத் தாண்டிக் காணாமல் போய்விட்டது.

"டெய்லி அப்டித்தான் பூடுது" என்றாள் கார்குழலி. மவுஸை வலப்பக்கமாக நாலு தடவை இழுத்தாள். எங்கிருந்தோ திரும்பி வந்தது.

மென்பொருளைத் திறந்து, எந்தெந்தத் திரை எந்தப் பக்கம் என்று காட்டும் படத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டம்: எடை. வலப்பக்கம் ஒரு கட்டம்: கேட். இடப்பக்கமும் ஒரு கட்டம் இருந்தது. அதன் பெயர் ஜெயவேல். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. இணைப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

"அவன்தாம்மா இத்தயெல்லாம் போட்டது" என்றாள் அவள். "அவன் சாப்ட போனா அவன் என்ட்ரிய நான் இங்கேருந்தே போட்டுடுவேன். சிலபோது மவுசு அங்க ஓடிரும். 'அக்கா, உன் மவுசு என் வூட்டுக்கு வந்துகிச்சு, கூட்டினு போ'ன்னு கத்துவான்."

"அந்த மெஷின் எங்க?"

வாசலில் நின்றிருந்த வாட்ச்மேன் மஜீது பாய் மேசைக்கு அடியில் கையைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். மூலையில் சிவப்புத் துணி போர்த்திய பெட்டி. மேலே ஜெயவேலின் போட்டோ, சந்தனம், குங்குமம், காய்ந்துபோன சாமந்தி மாலை. துணியை விலக்கினால் பவர் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பெட்டி சூடாக இருந்தது. உள்ளே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

"மானிட்டரு, கீபோர்டு எல்லாத்தியும் அன்னிக்கி சாயங்காலமே புடுங்கி எக்ஸ்போர்ட் செக்சனுக்குக் குடுத்தேன்" என்றார் மஜீது பாய். "அப்பவே லோடு மேனுங்கோ வந்து இத்த மட்டும் வுடலை. 'அண்ணன் கடசியா தொட்டது பாய், அணைக்காத. வெளக்க ஊதி அணைக்கறா மாரி ஆயிடும்'னு சொல்லிட்டானுங்கோ. நான்தான் அது சொருகி கீற யுபிஎஸ்ஸ அணைய வுடாம பாத்துகினு கீறேன். ரெண்டு மாசம், ஒரு தபா கூட அணையல. சாருக்குத் தெரியாது. போட்டோ வெக்கற பொட்டின்னு நெனச்சுகினு கீறாரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இதற்காகவா என்னை இந்த வெயிலில் வரவழைத்தார்கள்? தொழிலில் முதல் பாடம், எதுவானாலும் முதலில் அணைத்துப் போடு. பவர் பட்டன்மேல் விரலை வைத்துவிட்டேன்.

"பாப்பா, கைய எடு!" மஜீது பாய் கத்தினார்.

"செத்தவன் கம்ப்யூட்டர்ல பேயா பாய் குடியிருக்கு? மவுசு அங்க போய் ஒளிஞ்சுக்குது, அவ்ளோதான் விஷயம்!"

"ஒரே ஒரு தபா உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டு அணச்சுக்கோம்மா" என்றாள் கார்குழலி. கெஞ்சுகிற குரல் இல்லை. அதனால்தான் கேட்டேனோ என்னவோ.

கேட் கம்ப்யூட்டரின் மானிட்டரைக் கழற்றி அந்தப் பெட்டியில் மாட்டினேன். திரை வெளிச்சமானது. ஒரு நோட்பேட் திறந்திருந்தது. மேலே பெயர் இல்லை. சேமிக்காத கோப்பு. கொஞ்சம் முன்னால் அந்தப் பட்டனை அமுக்கியிருந்தால் அதில் இருந்த எழுத்தெல்லாம் சுவடில்லாமல் போயிருக்கும்.

அங்கே எல்லாரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். போர்டும் அதைத்தான் படிக்கும். கோப்பின் தலையில் ஜெயவேலின் லீவு லெட்டர். 'பாஸ்கர் சாருக்கு, என் மகள் மகிமாவுக்கு வரும் ஞாயிறு காது குத்து வைத்திருப்பதால் எனக்கு' என்பதோடு நின்றிருந்தது. சீல் நம்பர் பார்க்க எழுந்து போயிருப்பான்.

அதற்குக் கீழே, வரிக்கு ஒன்றாக:

நில்லு
நில்லு
நில்லு
நில்லு
நில்லு
நில்லு
நில்லு

கார்குழலி விரலைத் திரையில் வைத்து எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. நானும் அழுதேன். அவளைப் பார்த்தால் யாருக்கும் வரும்.

"அடிச்சிருக்கேன்" என்றாள். "போர்டுக்குப் போவ வேண்டியது அவனுக்குப் போயிருக்கு. ஏழு தபா அவனாண்டயே சொல்லியிருக்கேன். அவன்தான் சீட்டுல இல்ல."

மென்பொருள் ஒரு பதிவேடு வைத்திருக்கும். அம்புக்குறி எப்போது எந்தத் திரைக்குப் போனது என்று அதில் விநாடி சுத்தமாக இருக்கும். எடுத்துப் பார்த்தேன். அன்று 2:41:07க்கு அது இடப்பக்கம் போயிருக்கிறது. ட்ரெய்லர் மேடையில் நகர்ந்த அதிர்ச்சி. அடுத்த அதிர்ச்சியில் 2:41:52க்குத் திரும்பியிருக்கிறது. கார்குழலி எழுந்து ஓடியது 2:41:20க்கு. நடுவில் பதின்மூன்று விநாடி. நானே உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். பதின்மூன்று விநாடியில் ஏழு தடவைதான் வந்தது. கணக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தியதில் எனக்குப் பெருமைகூட வந்தது. பாஸ்கரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"லுப்னா, இது யாரு அடிச்சது?" என்றாள் கார்குழலி.

ஏழு வரிக்குக் கீழே எட்டாவதாக ஒரு வரி இருந்தது. அதற்கும் கீழே லாரி நம்பர்கள், இரண்டு மாதமாக அவள் அடித்து இந்தப் பக்கம் வழிதவறி வந்தவை, பக்கம் பக்கமாக. அந்த நம்பர்களைத்தான் நான் பார்த்தேனே தவிர எட்டாவது வரியைப் படிக்கவில்லை.

அக்கா போவாத

"நீதான் அடிச்சிருப்ப" என்றேன்.

"என்ன நானே அக்கான்னு கூப்புட்டுக்குவனா? இந்த யார்டுல எல்லாருக்கும் நான் கொயலி, இல்லாட்டி மேடம். அவன் ஒருத்தன்தான் அக்கா."

அப்படியானால் வேறு யாராவது அடித்திருக்க வேண்டும். ஜெயவேலின் கீபோர்டு அப்போது அவன் மேசையில்தானே இருந்தது? பாஸ்கர் அறைக்குப் போய், ஒரு சந்தேகம் என்று சொல்லிப் பதிவை மறுபடி ஓட்டினேன். 2:41:20க்கு அவள் நாற்காலி காலி. ஜெயவேலின் நாற்காலி அதற்கும் முன்னாலிருந்தே காலி. சாயங்காலம் ஆறு மணிக்கு மஜீது பாய் வந்து கீபோர்டைப் பிடுங்குகிற வரைக்கும் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மேசையையும் ஒரு கை தொடவில்லை. அப்புறம் மூன்று நாள் அறை பூட்டிக் கிடந்தது. நாலாம் நாள்தான் கீழே முதல் லாரி நம்பர் விழுந்திருக்கிறது.

திரும்ப 2:41:20க்கு வந்தேன். அவள் எழுந்து ஓடுகிறாள். நிலைப்படியில் நிற்கிறாள். வெளிக் கேமராவைப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். அவள் நின்ற இடத்திலிருந்து அடுத்த அடி எங்கே விழுந்திருக்குமோ, அங்கேதான் அந்தக் காலி ட்ரெய்லரின் முன்சக்கரம் வந்து போனது. அந்த டிரைவர் பிரேக் கூடப் போடவில்லை. அவள் வெளியே வருவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் கையில் மயிர் குத்திட்டு நின்றது. பாஸ்கர் ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டார்.

திரும்பிப் போய்க் கார்குழலியிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரும் என்ன கேட்டாங்கோ, ஏன் வாசல்லயே நின்னன்னு. அவன் பொண்டாட்டியும் கேட்டுச்சு. எனக்கு சொல்லத் தெரியல. பயந்துட்டேன்னு சொன்னேன். காதுல ஒண்ணும் கேக்கலம்மா. யாராச்சும் பின்னாலருந்து கூப்புட்டா நிப்போம்ல, காலு அந்த மாரி நின்னுச்சு. திரும்பிக்கூட பாத்தேன். அவன் சீட்டு காலியா கீது."

மஜீது பாய் தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏதோ முணுமுணுத்தார். நான் கோப்பைச் சேமித்து, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன். பாஸ்கருக்கு அச்செடுத்துக் கொடுத்ததில் ஏழாவது வரியோடு நிறுத்திக்கொண்டேன். இடப்பக்கத் திரை இணைப்பிலேயே இருந்ததால், அதிர்ச்சியில் அம்புக்குறி அங்கே போய், கார்குழலி அடித்த கட்டளை போர்டுக்குச் சேரவில்லை என்று எழுதி, பதிவேட்டின் நேரத்தையும் இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். எட்டாவது வரிக்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. அது கம்பெனிக்கு எழுதியதும் இல்லை.

பாஸ்கர் காகிதத்தை நின்றபடியே படித்தார். ஏழு நில்லுவையும் படித்துவிட்டு உட்கார்ந்தார். "அந்தம்மாவ நான் ரொம்பப் பேசிட்டேன்" என்றார். ஆமாம் சார், பேசிட்டீங்க என்றேன். வெள்ளிக்கிழமை இதைத்தான் வைப்பேன் என்று சொன்னார்.

மிச்சமிருந்தது ஒரே வேலை. இடப்பக்கக் கட்டத்தை நீக்க வேண்டும், பெட்டியை அணைக்க வேண்டும். லோடு மேன்களிடம் தான் சொல்லிக்கொள்வதாக மஜீது பாய் சொன்னார். காய்ந்த மாலையை அவரே எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றினார்.

"நான் அணைக்கறேன்" என்றாள் கார்குழலி.

தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸை இடப்பக்கமாகத் தள்ளினாள். இந்த முறை அது தானாகப் போகவில்லை, அவள்தான் கூட்டிப்போனாள். அம்புக்குறி அவள் திரையின் ஓரத்தைத் தாண்டி, நான் மாட்டி வைத்திருந்த ஜெயவேலின் திரையில் வந்து நின்றது. எட்டாவது வரியின் முடிவில் சொடுக்கி, கீழே ஒரு வரி இடம் விட்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள், பதினாறு வருடம் அதே கீபோர்டில் அடித்தவள்.

நின்னுட்டேன்டா

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள். நானும் மஜீது பாயும் அவளுக்குப் பின்னால் நின்றோம். வரியின் முடிவில் சின்னக் கோடு விட்டு விட்டு மினுக்கியது. மேடையில் ஒரு ட்ரெய்லர் ஏறியது, தரை அதிர்ந்தது, டம்ளர் நடுங்கியது. நான் மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். மவுஸ் தானாக நகராது என்று காலையில் சொன்னவள்தான் நான்.

ஒன்றும் வரவில்லை.

வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தார். மறுபடியும் அடித்தார். கார்குழலி கோப்பைச் சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். காற்றாடிச் சத்தம் நின்றதும்தான் அந்த அறையில் இத்தனை நேரம் ஒரு சத்தம் இருந்தது எனக்கு உறைத்தது. நான் கட்டத்தை நீக்கினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்புக்குறி தன் திரையில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். பிறகு போர்டுக்கு 'நில்லு' என்று அடித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். ட்ரெய்லருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.